பள்ளத்தாக்குக்கு ஒரு வானொலிப் பெட்டி

பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் மின், இலத்திரனியல் பொறியியல் பயிலும் தம்பி, தங்கையருக்கு,



நான் கண்டியில் ரேடியோ திருத்தும் தொழிலில் இருப்பவன். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு நீங்கள் தலைப்புத் தேடும் காலம் இது. உங்களிடம் ஒரு தலைப்போடு வந்திருக்கிறேன். மலைநாட்டுக்கென்று ஒரு வானொலிப் பெட்டியை வடிவமையுங்கள். மலைமுகட்டில் நன்றாகக் கேட்கும் பெட்டிகள் சந்தையில் நிறைய உண்டு. தெல்தோட்டையிலும் றங்கலையிலும் மடுல்கலையிலும் முகட்டுக்குப் பின்னால் ஒடுங்கிய பள்ளத்தில் இருக்கும் லயத்துக் கடைசிக் காம்பராவில், அடைமழையில், மின்சாரம் இல்லாத இரவில் கேட்கும் பெட்டி ஒன்றுதான் நமக்கு இல்லை.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் நாட்டைக் கடந்தபோது மலைநாடெங்கும் மண் சரிந்ததை நீங்களே கண்டீர்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. வீதிகள் அறுந்தன. மின்சாரம் போனது. கைத்தொலைபேசிக் கோபுரங்கள் பல இடங்களில் செயலிழந்தன. அடுத்த மலையில் என்ன நடந்தது என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். “எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, இனி ரேடியோ எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு அந்த நாட்களே பதில் சொல்லிவிட்டன. போன் வேலை செய்ய வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோபுரம் வேண்டும், அந்தக் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், அதை வெளியுலகோடு இணைக்கும் கம்பி அறாமல் இருக்க வேண்டும். அத்தனையும் இருந்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தால் வலையமைப்பு திணறிவிடும். வானொலிக்குத் தூரத்து மலையுச்சியில் ஒரே ஓர் ஒலிபரப்பியும் அதற்கு ஒரு ஜெனரேற்றரும் போதும். பத்துப் பேர் கேட்டாலும் பத்து இலட்சம் பேர் கேட்டாலும் அதன் சுமை கூடுவதில்லை. குறை முழுவதும் கேட்கும் பக்கத்தில் இருக்கிறது.

அந்தப் பக்கத்தை நாம் நெடுங்காலமாகக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். இலங்கை வானொலியின் வரலாறு ஒலிபரப்பிகளின் வரலாறாகவும் குரல்களின் வரலாறாகவுமே சொல்லப்படுகிறது. எட்வர்ட் ஹார்ப்பர் 1923இல் கொழும்பில் பரீட்சார்த்த ஒலிபரப்பைத் தொடங்கினார். 1925 டிசம்பர் 16இல் முறையான சேவை ஆரம்பமானது. போர்க்காலத்தில், 1944 ஏப்ரலில், படைத்தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தை, நீங்கள் நாள்தோறும் கடந்து போகும் பேராதனைப் பூங்காவுக்கே கொண்டுவந்தார். அந்தப் படையினருக்காக எழுந்ததுதான் ரேடியோ சீயாக். அதற்காக ஏகலவில் நிறுவப்பட்ட 100 கிலோவாற் சிற்றலை ஒலிபரப்பி பின்னர் ரேடியோ சிலோனின் கைக்கு வந்து, இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் இலங்கையின் குரலைக் கொண்டுபோனது. பெருமைக்குரிய கதைதான். ஆனால் அந்தக் குரலைக் கேட்ட பெட்டி பெரும்பாலும் கப்பலில் வந்தது. உபாலி விஜேவர்தனவின் நிறுவனம் யுனிக் என்ற பெயரில் இங்கேயே ரேடியோ செய்து விற்றதுண்டு. அந்த முயற்சிக்கும் தொடர்ச்சி கிடைக்கவில்லை. சமதரையான நாடுகளின் நகரங்களை மனதில் வைத்து வரையப்பட்ட மின்சுற்றை நாம் வாங்கிவந்து மலையடிவாரத்தில் வைத்து, “இழுக்குதில்லை” என்று பெட்டியைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஏன் இழுக்கவில்லை என்பதிலிருந்தே உங்கள் வேலையைத் தொடங்கலாம்.

பண்பலை 88 முதல் 108 மெகாஹேட்ஸ் வரை. அலைநீளம் ஏறக்குறைய 3 மீற்றர். இந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். மலைமுகட்டில் பட்டுச் சற்றே வளைந்து கீழிறங்கும், அவ்வளவுதான். அதனால்தான் ஹுன்னஸ்கிரியவிலும் பிதுருதலாகலவிலும் ஒலிபரப்பிகளை உச்சியில் வைத்திருக்கிறார்கள். உச்சிக்கு நேரே இருக்கும் சரிவில் அலை வேண்டிய மட்டும் கிடைக்கும். அதே மலையின் மறுபுறம் இறங்கினால் நிழல். ஒரு தோட்டத்தின் மேற்பிரிவிலும் கீழ்ப்பிரிவிலும் அலையின் வலு ஆயிரம் மடங்கு வேறுபடுவது இங்கே சாதாரணம்.

எனவே மலைநாட்டுப் பெட்டிக்கு இரண்டு எதிரெதிரான குணங்கள் ஒருசேர வேண்டும். நிழலில் இருக்கும்போது ஒன்றிரண்டு மைக்ரோவோல்ற் அலையையும் அது பிடிக்க வேண்டும். சரிவில் இருக்கும்போது ஒரே கோபுரத்திலிருந்து பாயும் பல நிலையங்களின் வலுவான அலைகளில் அது மூழ்கிவிடக் கூடாது. 98 மெகாஹேட்ஸிலும் 99 மெகாஹேட்ஸிலும் இரண்டு நிலையங்கள் வலுவாக வந்தால், மலிவான பெட்டியின் முதற்படியிலேயே அவை ஒன்றோடொன்று கலந்து 97இலும் 100இலும் பொய்யான நிலையங்களை உண்டாக்கும். அந்த இடத்தில் தூரத்து நிலையம் ஒன்று மெலிதாக வந்துகொண்டிருந்தால் அதை மூடிவிடும். விற்பனையாளர் “பவர் காணாது” என்பார். உண்மையில் அங்கே பவர் கூடிப்போனதுதான் காரணம்.

பழைய நல்ல பெட்டிகளில் இதற்கு மருந்து இருந்தது. நிலையம் மாற்றும் குமிழைத் திருப்பும்போது உள்ளே மூன்று தட்டுக் கூட்டங்கள் சேர்ந்து சுழலும். ஒன்று உள்ளூர் அலைவுகளை மாற்றும். மற்ற இரண்டும் அன்ரனாவிலிருந்து வரும் அலையைக் கலப்பிக்குப் போகுமுன்னே இருமுறை வடிகட்டும். செலவைக் குறைக்கிறோம் என்று அந்த வடிகட்டலை எடுத்துவிட்டார்கள். இன்றைய ஒற்றைச் சில்லுப் பெட்டிகள் பலவற்றில் அன்ரனாவிலிருந்து வருவதெல்லாம் தடையின்றி உள்ளே போகிறது. முன்வாசலில் இசைவு வடிகட்டி ஒன்று, வலு கூடும்போது தானாகவே அலையைத் தணிக்கும் ஒழுங்கு ஒன்று: இவ்விரண்டையும் திரும்பக் கொண்டுவாருங்கள். மின்னழுத்தத்தால் இசையும் வரக்டர் டயோட்டு இருக்கையில் இதற்குச் சுழலும் தட்டுகள்கூடத் தேவையில்லை.

அடுத்தது எதிரொலிப்பு. எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பும் அலை நேரலையைவிட 3 கிலோமீற்றர் கூடுதலாகப் பயணித்தால் 10 மைக்ரோவினாடி பிந்தி வரும். இரண்டும் சேரும் இடத்தில் சத்தம் கரகரக்கும், சொற்கள் சிதையும். பெட்டியை முக்கால் மீற்றர் நகர்த்தினால் தெளிந்துவிடும். எங்கள் அம்மாமார் ரேடியோவை ஜன்னல் விளிம்பில் ஒரு குறிப்பிட்ட மூலையில் மட்டும் வைத்ததற்குப் பின்னால் இந்த இயற்பியல் இருந்தது. கார் ரேடியோக்களில் இரண்டு அன்ரனாக்களை வைத்து, நன்றாகக் கேட்பதைத் தானே தெரிவு செய்யும் ஏற்பாடு பல காலமாக இருக்கிறது. ஓடும் காருக்குக் கிடைத்த அந்த வசதியை நிற்கும் லயத்துக்கு மலிவாகச் செய்ய முடியுமா என்பது உங்களுக்கு ஏற்ற கேள்வி.

அதற்குமுன் செய்ய வேண்டிய மிக எளிய காரியம் ஒன்றும் உண்டு. பெட்டியின் பின்புறம் வெளி அன்ரனாவுக்கு ஒரு துளை வையுங்கள். ஒவ்வொன்றும் முக்கால் மீற்றருக்குச் சற்றுக் குறைவான இரண்டு செப்புக் கம்பித் துண்டுகளை ஒரு மூங்கில் தடியில் கட்டி, ஒரு வயரை இழுத்து உள்ளே கொண்டுவந்தால் நிழலில் கிடக்கும் வீட்டுக்கு அது புதிய பெட்டி வாங்கியதற்குச் சமம். அந்தத் துளை இல்லாத பெட்டிகளே கடைகளில் அதிகம். வாங்கியவர் ஏரியல் நுனியில் கம்பியைச் சுற்றிக் கூரைத் தகரத்தோடு கட்டுகிறார். மின்னல் கூடிய இந்த மலைகளில் அது ஆபத்து. வெளி அன்ரனாவுக்கு ஒரு துளையையும் மின்னலிலிருந்து காக்கும் ஒரு சிறு பாகத்தையும் சேர்க்க ஆகும் செலவு மிகச் சொற்பம்.

பண்பலையோடு நின்றுவிடாதீர்கள். மத்திய அலையும் சிற்றலையும் காலாவதியானவை என்று எண்ண வேண்டாம். சிற்றலையில் 3 முதல் 7 மெகாஹேட்ஸ் வரையிலான பகுதியை ஏறக்குறைய செங்குத்தாக வானத்தை நோக்கி அனுப்பினால் அது அயனிமண்டலத்தில் பட்டு, மழை போல மேலிருந்து பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கும். மலை குறுக்கே நிற்பது அதற்குப் பொருட்டில்லை. வெப்பவலய நாடுகளுக்கென்றே 60 மீற்றர், 90 மீற்றர் அலைவரிசைகள் உலக ஒப்பந்தத்தில் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இங்கே ஓயாத இடிமின்னல் மத்திய அலையைக் கெடுக்கும் என்பது அந்த ஒதுக்கீட்டுக்குக் காரணம். அந்த அலைவரிசையில் நமக்கு மறுபடியும் ஓர் அவசரகாலச் சேவை கிடைக்குமா என்பது ஆட்சியாளர் கையில் இருக்கிறது. கிடைக்கும் நாளில் வீட்டிலிருக்கும் பெட்டி அதைக் கேட்கும் திறனோடு இருக்க வேண்டும். அது உங்கள் கையில்.

இன்றைய வீட்டில் மத்திய அலையையும் சிற்றலையையும் கெடுப்பது மின்னலைவிட எல்.ஈ.டி. விளக்கும் போன் சார்ஜரும்தான். அவற்றின் உள்ளே வேகமாகத் திறந்து மூடும் மின்சுற்றுகள் அலைவரிசை முழுதும் இரைச்சலைத் தூவுகின்றன. மின்சாரம் நின்ற இரவில் அந்த இரைச்சலும் நின்றுவிடும். ஊரே இருண்டு கிடக்கும்போது, அதாவது செய்தி மிகவும் தேவைப்படும்போது, இந்த அலைகள் மிகத் தெளிவாகக் கேட்கும். இதைத் தெரிந்துகொண்ட வடிவமைப்பாளர் அவசரகாலப் பெட்டியிலிருந்து மத்திய அலையை எடுத்துவிட மாட்டார். பெரைற் தண்டு அன்ரனாவைச் சற்று நீளமாக வைத்து, திருப்பக்கூடியதாகவும் செய்தால், மின்சாரம் இருக்கும் நாட்களிலும் இரைச்சல் வரும் திசைக்கு அதன் நுனியைக் காட்டி இரைச்சலைத் தணிக்கலாம்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு வருகிறேன். பெட்டி தானாக விழித்துக்கொள்ள வேண்டும்.

மண்சரிவு ஆளை எழுப்பிவிட்டு வருவதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவைக் கொண்டு எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். மலைநாட்டுப் பெருமழை இந்த மூன்று படிகளையும் ஒரே இரவில் ஏறிவிடக் கூடியது. பகல் முழுதும் கொழுந்து பறித்துவிட்டு வந்து உறங்குபவர் அந்நேரம் ரேடியோவை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். பெட்டிதான் அவருக்காகக் காது கொடுத்திருக்க வேண்டும்.

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. பண்பலையோடு சேர்த்து அனுப்பப்படும் ஆர்.டி.எஸ். என்ற தரவு ஓடையில், நிகழ்ச்சியின் வகையைச் சொல்லும் எண் ஒன்று இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். 0 முதல் 31 வரை. அதில் 31 என்பது அபாய அறிவிப்பு, 30 அதன் ஒத்திகை. நிலையம் 31ஐ அனுப்பியதும் உறங்கும் பெட்டி விழித்து, ஒலியை முழுதாகத் திறந்து பேச வேண்டும் என்பதே அந்த எண்ணின் நோக்கம். அமெரிக்காவின் வானிலை வானொலி 1050 ஹேட்ஸ் ஒலி ஒன்றால் வீட்டுப் பெட்டிகளை எழுப்புகிறது. எந்தப் பிரதேசத்துக்கான எச்சரிக்கை என்பதையும் குறியீடாக அனுப்புகிறது. ஜப்பான் 1985இலிருந்தே ஒலிபரப்பில் அவசரக் குறியொலி ஒன்றைக் கலந்து இதைச் செய்துவருகிறது.

இதற்கு எவ்வளவு மின் செலவாகும் என்று கணக்குப் பார்ப்போம். இன்றைய இலக்கமுறைச் சில்லு ஒன்று கேட்டுக்கொண்டிருக்கும்போது ஏறக்குறைய 20 மில்லியம்பியர் எடுக்கும். நிமிடத்துக்கு 2 வினாடி மட்டும் அது விழித்து, எண்ணைப் பார்த்துவிட்டு உறங்கினால் சராசரி ஒரு மில்லியம்பியருக்கும் குறைவு, ஏறத்தாழ 0.67. சாதாரண ஏ.ஏ. அல்கலைன் பற்றரி 2,500 மில்லியம்பியர் மணி தரும் என்று கொண்டால், தொடராக இட்ட இரண்டு பற்றரிகளில் 3,700 மணி நேரம் போகும். ஐந்து மாதம். நடைமுறையில் அதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், ஒக்டோபர் நடுவில் பற்றரி போட்டால் ஆண்டு முடியும்வரை பெட்டி காவல் இருக்கும். இதற்கு நிலையமும் அபாய எண்ணைச் சில நிமிடங்களாவது தொடர்ந்து அனுப்ப வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

சிக்கல்களும் உண்டு. அவற்றைத் தீர்ப்பதற்குத்தான் உங்களைத் தேடி வந்திருக்கிறேன். நிழலில் மெலிந்து வரும் அலையில் பேச்சு ஓரளவு புரிந்தாலும் ஆர்.டி.எஸ். தரவு பிழைபடலாம். அப்படியானால் ஒலியிலேயே ஒரு குறியொலியைக் கலந்து, அதைப் பல வினாடிகள் கூட்டிப் பார்த்து இனங்காணும் இரண்டாவது வழியும் வேண்டும். இரைச்சலுக்குள் புதைந்த ஒற்றை ஒலியைத் தேடி எடுப்பது உங்கள் குறிகைப் பகுப்பாய்வுப் பாடத்தின் முதற் பயிற்சிகளில் ஒன்று. மொழி அடுத்த சிக்கல். ஆர்.டி.எஸ். எழுத்துவரி தமிழையும் சிங்களத்தையும் மனதில் வைத்து உருவானதல்ல. எழுத்துக் காட்டுவதைவிடப் பேசவைப்பதே நல்லது. “வெளியேறுங்கள்”, “ஆயத்தமாக இருங்கள்” என்பன போன்ற சில வாக்கியங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் பதிவுசெய்து பெட்டியின் நினைவகத்திலேயே வைத்துவிடலாம். நிலையம் ஓர் எண்ணை அனுப்பினால் போதும், பெட்டி வீட்டாரின் மொழியில் பேசும். பிரதேச செயலகப் பிரிவைக் குறிக்கும் சுழல் ஆளி ஒன்றையும் வைத்தால், மடுல்கலைக்கான எச்சரிக்கை நாவலப்பிட்டியில் எல்லோரையும் எழுப்பாது. பொய் அலாரத்தால் இரண்டு முறை எழும்பியவர் மூன்றாம் முறை பெட்டியை அணைத்துவிடுவார். இந்த ஒரு நுணுக்கத்தில் முழு முயற்சியும் வெல்லும் அல்லது தோற்கும்.

நம் நாட்டிலேயே ஓர் அனுபவப் பாடம் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனம் கரையோரக் கிராமங்களில் பலவகை எச்சரிக்கைக் கருவிகளைப் பரீட்சித்தது. அதில் வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற செய்மதி வானொலிப் பெட்டியும் ஒன்று. குறிப்பிட்ட பெட்டிகளுக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்பக்கூடிய நல்ல ஏற்பாடு அது. ஆனால் 2008இல் வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் முறிந்தது, சேவையும் நின்றுபோனது. எனவே உங்கள் பெட்டி ஒரு தனி நிறுவனத்தின் செய்மதியையோ செயலியையோ நம்பியிருக்கக் கூடாது. எந்த நிலையமும் அனுப்பக்கூடிய, எவரும் செய்யக்கூடிய, பொதுத் தரத்தில் அது நிற்க வேண்டும்.

சிறந்த வடிவமைப்பு பெரும்பாலும் கேள்வியை மாற்றிக் கேட்டவரிடமிருந்தே வந்திருக்கிறது. ஆம்ஸ்ட்ரோங் 1918இல் சுப்பர்ஹெற்றரடைன் முறையைக் கண்டபோது, எல்லா மீடிறன்களையும் பெருக்க முயல்வதை விட்டுவிட்டு, எந்த நிலையத்தையும் ஒரே இடைமீடிறனுக்கு மாற்றி அங்கே பெருக்கினார். நூறு ஆண்டுகளாக உலகின் பெட்டிகள் அந்த வழியில் நடக்கின்றன. 1983இல் பிலிப்ஸ் நிறுவனம் டீ.டீ.ஏ. 7000 என்ற சில்லை வெளியிட்டது. பண்பலைப் பெட்டிகளின் வழமையான இடைமீடிறன் 10.7 மெகாஹேட்ஸ். அதற்குத் தனி வடிகட்டிகள் தேவை, அவை சில்லுக்குள் அடங்காது. அந்தப் பொறியியலாளர்கள் இடைமீடிறனை 70 கிலோஹேட்ஸுக்கு இறக்கினார்கள். 75 கிலோஹேட்ஸ் அகலத்துக்கு ஆடும் பண்பலை அதற்குள் அடங்காது என்பதால், பின்னூட்டம் கொடுத்து அந்த ஆட்டத்தையே 15 கிலோஹேட்ஸுக்குச் சுருக்கினார்கள். ஒரு முழு ரேடியோ ஒரு சில்லுக்குள் வந்தது. நம் பக்கத்து மண்ணில் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் இருந்துகொண்டு கலீனாப் படிகத்தால் அலையை உணரும் கருவியை உருவாக்கி, 1901இல் விண்ணப்பித்து 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஏற்கும் கருவியைச் செப்பனிடுவது இந்தப் பிராந்தியத்துக்குப் புதிய வேலை இல்லை.

பாவிப்பவரிலிருந்து தொடங்கிய வடிவமைப்புக்கும் ஓர் உதாரணம் உண்டு. 1940களின் கடைசியில் வட ரொடீசியாவில், இன்றைய ஸாம்பியாவில், ஹரி பிராங்க்ளின் என்ற தகவல் அதிகாரி மின்சாரமில்லாத கிராமத்தவர் வாங்கக்கூடிய ஒரு ரேடியோவுக்காகத் தயாரிப்பாளர்களிடம் அலைந்தார். கடைசியில் எவரெடி நிறுவனம் இணங்கியது. அலுமினியச் சட்டியின் உருவில், வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கும்படி, பற்றரியில் 300 மணி நேரம் ஓடும் சிற்றலைப் பெட்டி 5 பவுணுக்கு வந்தது. அதன் பெயரும் சோஸ்பான் ஸ்பெஷல்தான். காலனி அரசுக்கு அதில் தன் நோக்கம் இருந்தது உண்மை. வடிவமைத்த முறையோ இன்றும் பின்பற்றத் தகுந்தது: வாங்குபவரின் வருமானம், அவர் வீட்டு ஈரம், அவருக்குக் கிடைக்கும் பற்றரி ஆகிய மூன்றையும் முதலில் எழுதிவைத்துவிட்டுப் பிறகே மின்சுற்றை வரைந்தார்கள்.

ஈரத்தைப் பற்றித் திருத்துபவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல நிறைய உண்டு. மலைநாட்டுப் பெட்டிகள் முதுமையால் சாவது குறைவு. பற்றரித் தகடு பச்சை பூத்துப் போகும். சத்தம் கூட்டும் குமிழ் கரகரக்கும். அலைவரிசை மாற்றும் ஆளியில் பூஞ்சணம் பிடிக்கும். நிக்கல் பூசிய தகடு, பலகைமேல் ஈரம் புகாத ஒரு பூச்சு, தேயும் பாகங்களுக்குப் பதில் இலக்கமுறைக் குமிழ்: இவற்றால் ஒரு பெட்டியின் ஆயுள் பல ஆண்டு கூடும். அதேபோல், திறக்க முடியாமல் ஒட்டிய பெட்டியைச் செய்யாதீர்கள். முன்பெல்லாம் பின்மூடியின் உட்புறத்தில் மின்சுற்று வரைபடம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தே என் போன்றவர்கள் தொழில் பழகினோம். ஸ்குரூ ஆணி, வரைபடம், எந்தக் கடையிலும் கிடைக்கும் பற்றரி ஆகிய மூன்றும் இருந்தால் உங்கள் பெட்டி பழுதான அன்றே குப்பைக்குப் போகாது. கண்ணாடி போடாத பாட்டி இருட்டில் தொட்டே இயக்கக்கூடிய ஒரு பெரிய குமிழும் இருக்கட்டும்.

செய்த பெட்டியை எங்கே அளப்பது? ஆய்வுகூடத்தில் குறிகை பிறப்பாக்கியின் முன்னால் கிடைக்கும் எண்கள் தேவைதான். உணர்திறன், தெரிவுத்திறன், வலுவான அலையைத் தாங்கும் திறன் எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஹந்தானையின் பின்சரிவு, கலஹா, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்ட லூல்கந்துர, றங்கலை, கம்பளைக்கு மேலுள்ள பள்ளங்கள், கொத்மலை எல்லாம் உங்கள் விடுதியிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. அங்கே லயத்துக்குள், தகரக் கூரைக்குக் கீழே, மழை பெய்யும் நாளில் அளந்து பாருங்கள். எந்த வீட்டில் அலை மிக மெலிந்திருக்கிறதோ அந்த வீட்டில் கிடைக்கும் எண்ணே உங்கள் பெட்டியின் எண். முகட்டில் கிடைத்த எண்ணைப் பெட்டியின் மேல் அச்சடிக்காதீர்கள். நான் இந்த மடலில் கேட்பதை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

துணைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கந்துரட்ட சேவை கண்டியிலேயே இருக்கிறது. 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, கிராம மக்களோடு சேர்ந்து ஒலிபரப்பு நடத்துவது எப்படி என்று உலகத்துக்குக் காட்டிய நிலையம். 1950இல் அமைந்த இலங்கை வானொலிச் சங்கத்தின் அமெச்சூர் அன்பர்கள், ஆழிப்பேரலை நாட்களில் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தவர்கள். அபாய எண்ணை வானில் அனுப்பிப் பரீட்சிக்க ஒலிபரப்பு நிலையத்தின் ஒத்துழைப்பும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். அதற்கான கடிதத்தைப் பல்கலைக்கழகம் எழுதினால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, அந்த இடம் ஆபத்தானது என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. போவதற்குப் பாதுகாப்பான காணியும் வீடும் இல்லாதவரிடம் “வெளியேறு” என்று மட்டும் சொல்லும் பெட்டி அவருடைய பிரச்சினையைத் தீர்க்காது. காணியும் வீடும் கேட்கும் போராட்டம் தனியே தொடர வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நாள் வரும்வரை ஒவ்வொரு மழைக்காலமும் வந்துகொண்டேதான் இருக்கும். நேரத்தோடு எழுப்பப்பட்ட குடும்பம் கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ அந்த இரவைக் கழித்து உயிரோடு இருக்கும். உயிரோடு இருந்தால்தான் காணியும் கேட்க முடியும்.

அறுபதுகளின் நடுவில் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்த உங்கள் பீடம் இந்த மலைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. உங்களில் சிலர் இதே லயங்களிலிருந்து படித்து வந்தவர்கள். படிப்பை முடித்ததும் பலர் வெளிநாடு போவீர்கள், போய் நன்றாக இருங்கள். போவதற்கு முன்னால் ஒரு குழுவாவது இந்த ஆண்டு இந்தத் தலைப்பை எடுங்கள். மாதிரிப் பெட்டி ஒன்றைச் செய்யுங்கள். வரைபடத்தையும் நிரலையும் எவரும் எடுத்துப் பாவிக்கும்படி மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள். அடுத்த ஆண்டு மாணவர் அதிலிருந்து தொடரட்டும். ஈயம் பற்றவைக்கவும், பழைய பெட்டிகளைப் பிரித்துக் காட்டவும், தோட்டங்களுக்கு உங்களோடு வந்து அன்ரனா கட்டவும் கண்டியில் என்னைப் போன்ற திருத்துநர்கள் ஆயத்தமாக இருக்கிறோம். வடகீழ்ப் பருவமழைக்கு முன் முதற் பெட்டியை ஒரு லயத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். எப்போது தொடங்குகிறோம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
கண்டியிலிருந்து ஒரு வானொலித் திருத்துநர்